பெருந்தெருவுக்குக் குறுக்கே ஒரு கயிறு

04.03.2024, திங்கள்

கடல் கலங்கல். இன்று வலை இல்லை.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல, மூத்தவன் ஜெயதீபனின் மனைவி உதயகலா எழுதுகிறாள். என் வாயில் வருகிற தூஷணங்களை மட்டும் விட்டுவிடுவாளாம். விடட்டும். யார் எந்தக் காலத்தில் யாருக்கு அடித்தான், எந்தக் கையால் அடித்தான் என்று கேட்டால் இப்போதும் சொல்லுவேன். ஆனால் சனிக்கிழமை பொலிசில் அது செல்லவில்லை. மணல் டிப்பர்காரரோடு முதல் வாய்த்தகராறு வந்தது எத்தனையாம் திகதி என்று கேட்டார்கள். "சூடை மீன் பட்டதுக்கு அடுத்த நாள்" என்றேன். பொலிஸ்காரன் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தான். இனித் திகதியோடு கிடக்கட்டும்.

நாங்கள் கரைவலைக்காரர். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, கயிற்றைக் கரையில் நின்று இழுக்க வேண்டும். ஒவ்வொருவனும் இடுப்பில் ஒரு பட்டி கட்டி, அதைக் கயிற்றில் கொளுவிக்கொண்டு பின்னுக்கு நடப்பான். எங்கள் கரை ஒடுக்கம். தெருவையும் தாண்டி அங்காலை பனை வடலிக்குள் போனால்தான் வலை கரை ஏறும். அதனால் அந்த நேரம் கயிறு தெருவுக்குக் குறுக்கே இருக்கும். வருகிற வாகனம் நிற்கும். பஸ் நின்றது. சண்டைக் காலத்தில் ஆமி ட்ரக் நின்றது. அதிலிருந்து ஒரு பெரியவன் இறங்கி, தானும் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளங்கையை ஊதிக்கொண்டு போனான். இயக்கத்தின் வாகனமும் நின்றது. நில் என்று ஒருவரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை ஒரு மணல் டிப்பர் வந்தது. ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. ஜெயதீபன் கயிற்றில் நின்றபடி, "பொறு தம்பி, வலை கிட்ட வந்திட்டுது" என்றான். சாரதி இறங்கி வந்து அவன் வயிற்றில் உதைத்தான். பட்டி கட்டியவன் விலக முடியாது. இரண்டாம் முறையும் உதைத்தான். இளையவன் சிவதர்ஷன் பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுத் துடுப்போடு போனான். டிப்பரின் முன்விளக்கும் சாரதியின் முன்பல்லும் உடைந்தன.

பொலிசில் பிழை எங்கள் பக்கமாம். "உது இப்ப உங்கடை ஊர்த் தெருவில்லை ஐயா. அரசாங்க வர்த்தமானியிலை பெருந்தெரு எண்டு வந்திட்டுது. பெருந்தெருவை மறிக்கிறது குற்றம்."

பெருந்தெரு ஆக்கித் தாருங்கள் என்று கேட்டவர்களும் நாங்கள்தான். பிள்ளைத்தாச்சிகள் ஓட்டோவில் குலுங்கி வழியிலேயே பெற்ற தெரு அது. மனுவில் என் பெருவிரலும் இருக்கிறது. தார்க் கார்ப்பெட் போட்டு முடித்த அன்று வெடி கொளுத்தினோம். ஜெயதீபன் அதில் வெறுங்காலோடு நடந்து பார்த்து, "அப்பா, சுடுகுது" என்று சிரித்தான்.

06.03.2024, புதன்

டிப்பர்காரனின் பெயர் ஜெறோமாம். குருநகர். செத்துப்போன பிலிப்புவின் மகன். பிலிப்பு கடலில் கிடந்த மனிசன். கயிறு தெரியாத வீட்டுப் பிள்ளை என்றால் நான் பேசாமல் விட்டிருப்பேன்.

19.04.2024, வெள்ளி

காலையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தோம். நாலைந்து மோட்டார் சைக்கிள். முகத்தில் துணி, கையில் வாள். ஒருவன் என்னைத் தள்ளி விழுத்திவிட்டு, "கிழவா, தெருவிலை இனிக் கயிறு கண்டால் கழுத்திலைதான் போடுவம்" என்றான். மீசை முளைக்காத குரல்.

சிவதர்ஷனின் முதுகில் தோளிலிருந்து இடுப்பு வரை வெட்டு. அவன் விழவில்லை. திரும்பி ஒருவனின் கையைக் கடித்துப் பிடித்தான். கடிபட்டவன் கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது. வலை வைக்கிற ஓலை வாடிக்குப் பெற்றோல் ஊற்றினார்கள். ஓலை எரிவது எனக்குப் பழகின சத்தம். நைலோன் வலை எரிவது வேறு. அது எரியாது, உருகும். மணலில் கறுப்புக் கட்டி கட்டியாய்க் கிடக்கிறது.

ஆஸ்பத்திரியில் சிவதர்ஷனுக்குத் தைக்கும்போது தாதி, "என்ன அண்ணை, வலை பொத்தின மாதிரி இருக்கு" என்றாளாம். அவன் சிரித்தானாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

02.05.2024, வியாழன்

தெருவைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு பெடியன் வந்தான். மரியாதையானவன். கயிறு போட மேலிடத்து அனுமதி வேண்டுமாம். மேலிடம் எங்கே என்று கேட்டேன். கொழும்பு என்றான். மீனை அதுவரைக்கும் கடலில் நிற்கச் சொல்லட்டோ என்று ஜெயதீபன் கேட்டான்.

புது வலை கடனுக்கு வந்துவிட்டது. இழுப்போம்.

11.06.2024, செவ்வாய்

சொல்ல ஏலாது.

எழுத வேண்டாம் என்றேன். கலா கேட்கவில்லை. "திகதி போட்டிட்டன் மாமா. சொல்லுங்கோ."

சோளகக் காற்று நல்லாய் அடித்தது. வலை கனம். தெருவில் இரண்டு பக்கமும் சிவப்புத் துணி கட்டியிருந்தோம். ஜெயதீபன் தெருவின் நடுவில் கயிற்றில் நின்றான். வாகனம் வந்தால் கை காட்டத் தானே நடுவில் நிற்பான், வேறு ஒருவரையும் விடமாட்டான். நான் தெருவோர மதகடியில் நின்றேன். டிப்பர் வளைவில் வந்தது. கை காட்டினான். சிவப்புத் துணி அதன் முகத்தில் அடித்துப் பறந்தது. அது நிற்கவில்லை.

கயிறு அறவில்லை. எங்கள் கயிறு அறாது. டிப்பரின் முன்பக்கம் கொளுவியது. கொளுவியதோடு அது ஓடியது. கயிற்றில் நின்றவர்களை ஒரு இழுவையில் தெருவுக்கு இழுத்தது. பட்டியைக் கழற்றினவன் கழற்றினான். ஒருவனுக்கு விரல் போனது. ஜெயதீபனின் பட்டி இறுகிவிட்டது. இறுகினால் கையால் அவிழாது, வெட்ட வேண்டும். சிவதர்ஷன் கத்தியோடு பின்னாலை ஓடினான். அண்ணை அண்ணை என்று கத்திக்கொண்டு ஓடினான். டிப்பரை ஓடிப் பிடிக்கலாமோ? என்ரை பிள்ளை அந்தக் கார்ப்பெட்டிலை… முகம் கீழை… மதகுச் சுவரிலை அடிபட்டபிறகுதான் அது நிண்டது. என்ரை காலடியிலை.

சாரதியை இழுத்து விழுத்தினார்கள். அதே ஜெறோம். முன்பல்லில்லாத வாய். எல்லாரும் அடித்தார்கள். நானும் அடித்தேன். கல்லால் கண்ணில் அடித்தேன். பொலிஸ் வந்து அவனை எங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது.

கலா, பேனையை வை என்கிறேன். வைக்கவில்லை.

13.06.2024, வியாழன்

எரித்தாயிற்று. பெட்டியைத் திறக்க விடவில்லை.

28.06.2024, வெள்ளி

நீதவான் கோட்டில் ஜெறோமுக்குப் பிணை. விபத்து என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் மேலும் வழக்கு: பெருந்தெருவை மறித்தது. முதலாம் எதிரி என்று ஜெயதீபனின் பெயரை வாசித்தார்கள். ஆள் இறந்துவிட்டார் என்று எங்களுக்காக வழக்குப் பேசுகிற அப்புக்காத்து எழும்பிச் சொன்னார். சரி என்று ஒரு கோடு இழுத்து வெட்டினார்கள். அவ்வளவுதான் சத்தம். பேனைச் சத்தம்.

03.07.2024, புதன்

சிவதர்ஷன் கிணற்றடியில் இருந்து தீட்டிக்கொண்டிருந்தான். லொறியின் வில்லுத்தகட்டில் அடித்த வாள்.

"உது என்னத்துக்கடா?"

"வேலி வெட்ட."

"எங்கடை வேலி தகரமடா."

"அப்பா, உள்ளுக்குப் போங்கோ."

"தனுஷாவுக்கு எத்தினை மாசம்?"

தீட்டினான். அவன் மனைவி தனுஷா குசினி வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்தானா? பார்க்கவில்லை. அவன் அண்ணன் செத்ததிலிருந்து இந்த வீட்டில் ஒருவரையும் பார்க்கவில்லை.

போனால் அவன் திரும்பி வரமாட்டான். வெட்டினாலும் மறியல் கம்பி, வெட்டுப்பட்டாலும் சுடலை. அந்தத் தெருவுக்கு இரண்டாவது பிள்ளையையும் கொடுக்கவோ? ஒருவர் போகத்தான் வேண்டும் என்றால்…

எனக்கும் அந்த ஜெறோமை வெட்ட வேண்டும். அதையும் எழுது கலா. பிள்ளையைக் காப்பாற்றப் போகிறேன் என்று மட்டும் எழுதாதே. எனக்கும் வேண்டும்.

14.07.2024, ஞாயிறு

கோயில் நாள், ஜெறோம் வீட்டில் இருப்பான். முதல் பஸ்ஸில் போகிறேன். சிவதர்ஷன் இன்னும் எழும்பவில்லை. கலாவுக்கு மட்டும் சொன்னேன். தடுப்பாள் என்று நினைத்தேன்.

"எந்தக் கத்தி மாமா?"

"திருக்கை மீன் வெட்டுறது."

"அது முனை மழுங்கியெல்லே கிடக்கு. கொண்டாங்கோ."

12.10.2024, சனி

வயதைப் பார்த்துப் பிணை தந்தார்கள். மறியலில் எனக்கு எழுதித் தர ஒருவரையும் நான் கேட்கவில்லை. எல்லாம் அப்படியே நெஞ்சில் இருக்கிறது. இப்போது கலா எழுதுகிறாள்.

குருநகரில் கேட்டுக் கேட்டுப் போனேன். வாசலில் அவன் தாய் லூர்த்தம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். யாரென்று கேட்கவில்லை. "வாங்கோ ஐயா, வெயிலுக்கை வந்திருக்கிறியள்" என்று செம்பில் தண்ணீர் தந்தாள். தாகம். குடித்துவிட்டேன்.

ஜெறோம் உள்ளே கதிரையில் இருந்தான். என் கல் பட்ட கண் மூடிக் கிடந்தது. மற்றக் கண்ணால் என்னை அடையாளம் பிடித்தான். எழும்பவில்லை.

"ஐயா, முதலாளி பிந்தாதை பிந்தாதை எண்டு போனிலை நிண்டவர். கயிறு அறும் எண்டு நினைச்சன்."

"உன்ரை அப்பன்ரை கயிறு அறுமோ?"

தலையைக் குனிந்தான். அறாது என்று அவனுக்குத் தெரியும். அந்தக் குனிவைப் பார்த்தபிறகு கழுத்து எனக்குத் தேவைப்படவில்லை. கீழே குந்தி அவனுடைய வலது காலைப் பிடித்தேன். பிரேக்கை மிதிக்காத கால். குதிக்கு மேலே, திருக்கையின் செட்டையை அறுக்கிற மாதிரி, ஒரு இழுவை. நரம்பு அறுகிற சத்தம் கயிறு அறுகிற சத்தம்தான். காலை இழுப்பான் என்று பார்த்தேன். இழுக்கவில்லை. கதிரையின் கையைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

தாய் ஓடி வந்து சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உன்ரை பொடியனுக்கு நான் பூசை ஒப்புக்குடுத்தனான். மாதா முன்னாலை அழுதனான். நீ என்ரை தண்ணியைக் குடிச்சிட்டு இதைச் செய்தனி."

பொலிஸ் வரும்வரை அவள் வாசற்படியில் இருந்தேன். செம்பு பக்கத்தில் கிடந்தது.

சிவதர்ஷன் வாளைக் கடலில் போட்டுவிட்டானாம். தனுஷாவுக்குப் பெண்பிள்ளை. என் மடியில் கொண்டுவந்து கிடத்தினாள். தொடவில்லை. கை இரண்டையும் தூக்கிக்கொண்டு இருந்தேன்.

17.03.2025, திங்கள்

வந்து ஐந்து மாதமாய் என்னோடு கதைக்காத சிவதர்ஷன் இன்று கதைத்தான்.

"அப்பா, நாளைக்கு வலை வளைக்கிறம். மதகடிக்கு வாங்கோ."

"இழுக்க எனக்கு ஏலாதேயடா."

"இழுக்க வேண்டாம். சும்மா இருங்கோ."

18.03.2025, செவ்வாய்

மதகுக்கு மேலே பிளாஸ்ரிக் கதிரை போட்டிருந்தார்கள். நெருங்கி வரும்போதுதான் அது எனக்கு என்று விளங்கியது. இருந்தேன். காலுக்கு நேரே கீழே அந்தச் சுவர். வெள்ளை அடித்திருக்கிறார்கள்.

அனுமதி வரவில்லை. வழக்கு முடியவில்லை. வர்த்தமானியில் ஒன்றும் மாறவில்லை. பெருந்தெரு பெருந்தெருதான். கயிறு குறுக்கே ஏறியது. சிவதர்ஷன் நடுவில் நின்றான், அண்ணன் நின்ற இடத்தில்.

வளைவில் ஒரு டிப்பர் வந்தது. தூரத்திலேயே மெதுவானது. நின்றது. என்ஜினையும் நிறுத்தினான். அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் பஸ். ஒரு ஹோர்ன் இல்லை. ஒரு சாரதியும் கயிற்றைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். பிறகு என் கையைப் பார்த்தார்கள். கை மடியில் சும்மா கிடந்தது.

முதல் டிப்பர்காரன் இறங்கி வந்தான். பெடியன். "ஐயா, வெயில்" என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். நான் வாங்கவில்லை. கோபம் என்று நினைத்திருப்பான். என்னைப் பார்த்தபடி பின்னுக்கு நடந்தே போனான்.

வலை ஏறியது. நல்ல மீன். பங்கு பிரிக்கும்போது இழுக்காத எனக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். கலா வாங்கிக்கொண்டு வந்தாள், வெட்டினாள், சமைத்தாள். நான் சாப்பிடவில்லை.

நாளைக்கும் வலை. கதிரையைச் சிவதர்ஷன் மதகிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.