கோபுரம் தெரிந்த இடத்தில் கழற்றிய ஷூ

திருப்பூர்

கண்ணு வேல்குமாருக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சௌக்கியம். என் முழங்காலும் சௌக்கியம். அதைத் தனியாகச் சொல்கிறேன், போனில் நீ எங்களைவிட அதைத்தான் அதிகம் விசாரிக்கிறாய்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போய்ச் சேர்ந்துவிட்டேன். தாராபுரத்தில் என்னை வேனில் ஏற்றச் சொல்லி, எங்கள் குழுவை நடத்துகிற பொங்கியண்ணனுக்கு நீ ஸ்பெயினிலிருந்து போன் போட்டது எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா? அவரே வந்து, ஏனுங்க மாஸ்டர், உங்க பையன் இப்படிச் சொல்றாருங்க, நான் யாரு பேச்சைக் கேக்கட்டும் என்றார். என் காலைக் கேளுங்க என்றேன். சிரித்துக்கொண்டே வேனை முன்னால் அனுப்பிவிட்டார். பனியன் கம்பெனி கட்டிங் டேபிள் முன்னால் ஆயுசெல்லாம் நின்ற கால் இது. போன வருஷம் டாக்டர் பேச்சைக் கேட்டு நீங்களெல்லாம் என்னைக் காரில் கொண்டுபோய் விஞ்ச் வரிசையில் நிறுத்தினீர்களே, அது இன்னும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் உன்னைப் பார்க்க வந்தபோது, அங்கே ஜனங்கள் சந்தியாகப்பர் என்று அவர்கள் கும்பிடுகிற கிறிஸ்தவப் புனிதர் கோயிலுக்கு நாள்கணக்கில் நடந்து போவதைப் பார்த்ததும் நானும் நடப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். கடைசி நாலைந்து நாள் வழியை நடந்துவிட்டால் இனிப் பழனிக்குக் குறுக்கே நிற்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது நீ. என்னோடு நடக்கக் கிளம்பி, மறுநாளே காலில் கொப்புளம் என்று டாக்ஸியில் ஏறியது யார் என்று உன் பெண்டாட்டி வினிதாவைக் கேள். வழியில் பார்த்தவர்களெல்லாம் அவர்கள் பாஷையில் வாழ்த்தினார்கள், நான் நம் பாதயாத்திரையில் சொல்வதுபோல் சாமி, சாமி என்றேன், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மேடேறித் தூரத்தில் கோயில் கோபுரம் தெரிந்ததும் ஷூவைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு நடந்தேன். பழனிமலை கண்ணில் பட்டபின் செருப்போடு நடந்து பழக்கமில்லாதவன், அங்கே மட்டும் எப்படி நடப்பேன்? கோயில் வாசலில் காத்திருந்த நீ, அத்தனை விலை ஷூவைத் தொலைத்துவிட்டீர்கள், உங்களுக்கு விவரமே பத்தாது என்று எல்லார் முன்னாலும் கத்தினாய். எனக்குப் பின்னால் வந்த வெள்ளைக்கார அம்மாளும் அவள் புருஷனும் என்னைப் பார்த்துத் தங்கள் ஷூவையும் கழற்றிக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு வந்தார்கள். அதற்கப்புறம்தான் வாயை மூடினாய். கோயிலுக்குள்ளே, நடந்து வந்த ஜனங்கள் அழுதார்கள், நானும் அழுதேன். யாருடைய சாமி என்று அப்போது தோன்றவில்லை, மலையேறிப் பழனியாண்டவர் முன்னால் நிற்கும்போது வருகிற அதே அழுகைதான். இத்தனையும் பார்த்த நீ வாக்கை மீறிப் பொங்கியண்ணனுக்குப் போன் போட்டாய். நான் பழனியில் விஞ்ச் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறி, உன் பேரிலும் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

பஞ்சாமிர்தமும் விபூதியும் பார்சலில் வருகிறது. கொப்புளத் தழும்புக்கு விளக்கெண்ணெய் தடவு. நீயும் வினிதாவும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த தைப்பூசத்துக்கு லீவு சொல்லி வை, சேர்ந்து நடப்போம். முடியாவிட்டாலும் கவலைப்படாதே கண்ணு, வேனில் உனக்கு ஒரு சீட் பொங்கியண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நடந்தே போய்வந்த உன் அப்பா,
கந்தவேல்