கோட்டை மேலிருந்து கோழிக்கூடு தெரியுமா

அன்பு மகள் க்வெண்டாவுக்கு அம்மா எழுதுவது. லிவர்பூலில் என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம், பெர்த் வெயிலில் நீயும் பேரப்பிள்ளைகளும் வாடாமல் இருக்க வேண்டும். சனிக்கிழமை லட்லோ கோட்டைக்குப் போய் வந்தோம். போனவர்கள் நான், காரை ஓட்டிய உன் தம்பி கிளைவ், வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து வழி சொன்ன அவன் மனைவி ஜேனிஸ், பின்சீட்டில் உன் மியூரியல் பெரியம்மா, எங்கள் இருவருக்கும் நடுவில் நாய்.

யுத்தத்தில் குண்டுக்குப் பயந்து பிள்ளைகளை ரயிலேற்றி அனுப்பியபோது நானும் மியூரியலும் அந்த ஊரில் மிஸஸ் ப்யூ வீட்டில்தான் இருந்தோம். அவள் கோழிக்கூட்டில் முட்டை காணாமல் போனதற்கு என்னைத் திருடி என்று மலைப் பண்ணைக்குத் தள்ளிவிட்டார்கள், பள்ளிக்கூடம் போன மியூரியல் டீச்சரானாள், நான் பன்றிக்குத் தீனி வைத்தேன், இதெல்லாம் உனக்குத் தெரியும். மிஸஸ் ப்யூவின் தம்பி ஆல்பி முட்டையைத் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு போனதைக் கோட்டைக் கோபுரத்திலிருந்து பார்த்தேன் என்று அழுதேன். அங்கிருந்து கொல்லைப்புறம் எப்படித் தெரியும், பொய்க்காரி என்றார்கள். கூட நின்ற மியூரியலோ தான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டாள். போகப் போக எனக்கே சந்தேகம், நிஜமாகப் பார்த்தேனா, சின்னப் பிள்ளைக் கற்பனையா என்று. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

கோட்டைச் சுவரில் ஒரு ஓட்டையைக் காட்டி, இதுதான் பிரபு வீட்டுக் கக்கூஸாம் அத்தே என்றாள் ஜேனிஸ். குளிர்காலத்தில் எப்படி உட்கார்ந்தார்களோ என்று எட்டிப் பார்த்தேன், காற்று முகத்தில் அறைந்தது. கிளைவ், படி ஏறாதம்மா, உன் முட்டிக்கு ஆகாது, டீ குடிக்கலாம் வா என்று கெஞ்சினான். நீ போய்க் குடிடா என்று ஏறினேன். சுழல் படியில் இறங்கி வந்தவர்கள் எனக்கு சாரி சொல்லி ஒதுங்க, நான் அவர்களுக்கு சாரி சொல்லி ஒதுங்க, யாரும் நகரவில்லை, நம் ஜனங்கள் இப்படி நின்றே செத்துப்போவார்கள். மேலே போய் மதிலைப் பிடித்துக் குனிந்தேன். தெரிந்தது க்வெண்டா! கூடு இல்லை, ஆனால் அதே கொல்லைப்புறம், கொடியில் காய்ந்த சிவப்புக் காலுறைகூடத் தெரிந்தது.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த மியூரியலிடம், பாருடி, தெரியுதா இல்லையா என்றேன். தெரியாம என்ன, ஆல்பி தொப்பியோட போனதை அன்னைக்கு நானுந்தான் பார்த்தேன் என்றாள். அப்ப ஏண்டி வாயைத் திறக்கலை என்றேன். திறந்திருந்தா என்னையும் உன்கூட அனுப்பியிருப்பாங்கடி, எனக்குப் பன்னின்னா பயம் என்றாள். திரும்பும்போது ஜேனிஸைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

கடவுள் உங்களைக் காக்கட்டும். சின்னவனின் இருமலுக்கு டாக்டரிடம் காட்ட மறக்காதே. பெரியம்மா உனக்கு எழுதி, உங்கம்மாகிட்ட எனக்காகப் பேசு என்றால் நடுவில் வராதே. மிஸஸ் ப்யூ விவரம் தெரியாமல் செய்தாள், அவளை மன்னித்துவிட்டேன். ஆல்பி பசியில் எடுத்தான், அவனையும் விட்டுவிட்டேன். சாகும்வரை நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான், என்கூடப் பிறந்த மியூரியல்.

உன் அம்மா
ஈனிட்