தக்காளி லாரியில் போன கல்யாணக் கூட்டம்

என் வாய்க்கு ஈடு கொடுத்த ஒரே ஆளான என் ராசாத்தி அண்ணிக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் இன்னும் அதே தக்காளி லாரியில்தான் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறேன். நீ விழுந்த வளைவு வந்தால் எல்லாரும் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். சாமி பேரைச் சொல்கிறோம். நான்கூட. நம்புவாயா? அலுப்பாக இருக்கிறது அண்ணி. சட்டி சுமந்து கழுத்து வலிக்கிறதா, லாரி குலுக்கி வலிக்கிறதா என்றே தெரியவில்லை.

ஒரு சேதி. ஓசூருக்கும் பெங்களூருக்கும் நடுவே, வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே காலையும் மாலையும் புது ரயில் விடப்போகிறார்களாம். தினம் போகிற ஆள் நிறைய இருந்தால் நம் ஊரிலும் நிற்குமாம். உட்கார்ந்து போகலாம். வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பி, உலை வைத்துவிட்டுக் கொஞ்சம் காலை நீட்டலாம். அதை விடு, உன் மகள் செல்விக்குப் பெங்களூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பஸ்தான் நம் ஊரில் நிற்காதே. "ரயில் நின்னா அனுப்பறேன். அவ அம்மாவ முழுங்குன லாரியில ஏத்த மாட்டேன்" என்கிறான் அண்ணன்.

போன மாசம் ஒரு விடியக்காலை, லாரியில் ஏறி உட்கார்ந்தாச்சு. பேண்ட் போட்ட இரண்டு பேர் நோட்டோடு வந்து கையைக் காட்டினார்கள். சரக்கு லாரியில் ஆள் ஏற்றினால் பிடிக்கிற செக்போஸ்ட்காரர்கள் என்றே நினைத்தோம். டிரைவர் மாதப்பாவுக்கு முகம் செத்துப்போச்சு.

"எங்கம்மா போறீங்க?"

என் வாய்தான் முந்திக்கொண்டது. "கல்யாணத்துக்குங்க சார்."

"தினமும் போறீங்களா?"

"தினமும் யாருங்க சார் கட்டிக்கிறாங்க?"

கல்யாணந்தான் என்று மாதப்பாவும் கன்னடத்தில் சாட்சி சொன்னான். "மதுவெ சார், மதுவெ!"

"அப்புறம் கையில எதுக்கு ஆளுக்கொரு சோத்துத் தூக்கு?"

"பொண்ணு வீட்டுக்காரங்க கஞ்சம்ங்க சார்."

லாரியே சிரித்தது. அவர்களும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்கள். நீ இருந்திருந்தால் என் தொடையில் கிள்ளியிருப்பாய்.

அவர்கள் ரயிலுக்கு ஆள் எண்ண வந்தவர்கள், அண்ணி.

நம் ஊரிலிருந்து தினம் வேலைக்குப் போகிறவர் ஒருவரும் இல்லை, ரயில் இங்கே நிற்காது என்று பஞ்சாயத்துக்குக் காகிதம் வந்துவிட்டது. செல்விதான் படித்துக் காட்டினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவால்ல அத்தை" என்று சொல்லிவிட்டுக் களி கிண்டப் போய்விட்டாள். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாளைக்கு லாரியில் வேலைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு ஓசூர் ரயில் ஆபீசுக்குப் போகிறேன். மேஸ்திரி வேலையை விட்டு நிறுத்திவிடுவான் என்று முதலில் பயந்தார்கள். செல்வி பேரைச் சொன்னதும் சரி என்றார்கள். "பொய் சொன்னது நான்தான் சார், மறுபடி எண்ணுங்க" என்று கேட்பேன். பரணில் கிடந்த உன் சோத்துத் தூக்கையும் தேய்த்து வைத்திருக்கிறேன். வரிசையில் என் பக்கத்தில் வைப்பேன். தினம் போனவர்களில் நீயும் ஒருத்திதானே?

எண்ணி முடிக்கும்வரை அந்த வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் அண்ணி. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், இந்தத் தடவை வேலைக்கு என்றே சொல்வேன்.

எந்தக் கல்யாணத்துக்கும் போகாத,
உன் நாத்தனார் மங்கா