எட்டுக்கு அடியில் ஏழு

மார்ச் 4

அன்புள்ள லென்ஸுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலம் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன். நீ எழுதினால்தானே தெரிவதற்கு! ஏலக் கம்பெனியில் அந்தப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உனக்கு உற்றார் உறவு எல்லாம் மறந்துபோகும்.

விஷயத்துக்கு வருகிறேன். கீழே கிளினிக், மேலே வீடு என்று நாங்கள் இத்தனை காலம் இருந்த கட்டடத்தை உரிமையாளர் விற்கிறார். ஜூன் முடிவதற்குள் பணம் கட்டினால் மாடியை மட்டும் எங்களுக்கே தருகிறாராம். இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பிள்ளைகள் பேசி வைத்துவிட்டார்கள். நான் மகன் வீட்டுக்கும், உன் தங்கச்சி எங்கள் மகள் வீட்டுக்கும் போக வேண்டுமாம். இரண்டு வீட்டிலும் ஓர் ஆளுக்குத்தான் இடம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மகன் ஊருக்கும் மகள் ஊருக்கும் நடுவே ஒரு முழுப் பகல் ரயிலில் போக வேண்டும். உன் தங்கச்சியோ, நான் குளிக்கக் கிளம்பினால்கூட "எங்க போறீங்க?" என்கிறாள், அவ்வளவுதான்.

அதனால் அந்த வெள்ளிக் காசை விற்றுவிடலாம் என்று முடிவு. பல் கட்டிக்கொண்ட ஒருவர் கூலிக்குப் பதிலாகக் கொடுத்தாரே, 1848 என்று போட்டது, அதுதான். நீதான் வந்திருந்தபோது பார்த்துவிட்டுக் குதித்தாய். "டேய், எட்டுக்கு அடியில ஏழு இருக்குடா! போன வருஷத்து அச்சை வீணாக்காம அது மேலயே புது நம்பரை அடிச்சிருக்காங்க. உலகத்துலயே இந்த மாதிரி பத்துப் பதினஞ்சு இருந்தா பெருசு. ஒரு வீடே வாங்கலாம்!" எனக்கு அன்றைக்கும் ஏழு தெரியவில்லை. நீ சொன்னால் சரி என்று பூட்டி வைத்துவிட்டேன்.

நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒரு நல்ல செய்தியும் உண்டு. எட்டின் கீழ் வளையத்துக்குள் குறுக்காக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. உச்சியிலும் இரண்டு பக்கம் பிசிறு. ஏழை மறைத்துக்கொண்டிருந்த அழுக்கு அதுதான் என்று எனக்குப் பட்டது. பல்லில் காரை எடுக்கிற கொக்கியை எடுத்தேன். உன் தங்கச்சி விளக்கைப் பிடித்தாள். ஒரு பொட்டு விடாமல் சுத்தம் செய்துவிட்டேன். கை நடுக்கம் வந்து கிளினிக்கை மூடிய பிறகு நான் செய்த முதல் வேலை, கை நடுங்கவே இல்லையடா!

விலையைச் சீக்கிரம் எழுது.

உன்,
பல்லுப்பிடுங்கி


மார்ச் 13

அன்புள்ள டாக்டருக்கு,

காசு வந்துவிட்டது. நாலு நாளாக உனக்கு எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

நீ எடுத்தது அழுக்கு இல்லையடா. அதுதான் ஏழு. வளையத்துக்குள் குறுக்காக இருந்தது ஏழின் கால். உச்சியில் பிசிறு என்றாயே, அது ஏழின் தலைக்கோடு, எட்டுக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த நுனி. ஏழில் மிச்சம் இருந்ததே அவ்வளவுதான். அதற்குத்தான் விலை.

இருக்கிற லென்ஸ் எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் வெளிச்சம் விட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி, கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எங்காவது கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

உன்னை வாய்க்கு வந்தபடி திட்டத்தான் உட்கார்ந்தேன். திட்டினால் ஏழு திரும்பி வருமா என்ன? தங்கச்சியிடம் இப்போது சொல்லாதே. நான் ஏதாவது வழி பார்க்கிறேன். என்ன வழி என்று கேட்காதே.

உன்,
லென்ஸ்


மார்ச் 21

அன்புள்ள லென்ஸுக்கு,

உன் கடிதத்தைக் கிளினிக்கில் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். ஆயிரக்கணக்கான வாயில் கை வைத்திருக்கிறேன், நல்ல பல்லைப் பிடுங்கியது இதுதான் முதல் தடவை.

மேலே அவள் ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துக்கொண்டிருக்கிறாள். "நம்மளதுன்னு ஆகப்போகுது, பழசு எதுக்கு?" என்கிறாள். தையல் மெஷின் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் கீழே கிளினிக்குக்கு இறங்கிவிடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ ஏழைப் பார்த்தாய் அல்லவா? உன் கண்ணால் பார்த்தாய். அதை எழுதிக் கொடேன். உன் வாக்குக்கு அங்கே மதிப்பு இருக்கிறது என்று நீயே பீற்றிக்கொள்வாய். பொய் எழுதச் சொல்லவில்லை. பார்த்ததை எழுது, போதும். உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

உன்,
பல்லுப்பிடுங்கி


மே 30

அன்புள்ள டாக்டருக்கு,

நேற்று ஏலம் முடிந்தது.

நீ கேட்டபடி எழுதிக் கொடுத்தேன். "சுரண்டப்படுவதற்கு முன் எட்டுக்கு அடியில் ஏழு இருந்ததை நான் நேரில் பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டேன். முதலாளி முகத்தைச் சுளித்தார். உங்க பேரைத்தான் கெடுத்துக்கிறீங்க என்றார். கெடட்டும் என்று ஏலப் பட்டியலில் அச்சடிக்க வைத்தேன்.

வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். என்னிடம் ரொம்ப நாளாக வாங்குகிற ஜவுளிக்கடைக்காரர் நிறைய நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சார், நீங்க பாத்தேன்னு சொன்னா நான் நம்புறேன். ஆனா நாளைக்கு நான் விக்கும்போது, காசோட உங்களையும் சேத்தா விக்க முடியும்?" ஏலம் கூறியபோது ஒரு கைகூட எழவில்லை.

இனி இது சாதாரண 1848. அதுவும் சுரண்டின 1848. வெள்ளியின் எடைக்குத்தான் போகும். திருப்பி அனுப்புகிறேன்.

என்னிடம் இருப்பதை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். உன் மாடிக்கு ஏறுகிற படிக்கட்டைக்கூட வாங்க முடியாது. இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். என் அறையில் கட்டிலைச் சுவரோடு தள்ளினால்தான் கதவே திறக்கும். ஒண்டிக்கட்டைக்கே அது அதிகப்படி என்று நினைத்து எடுத்தவன் நான்.

எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லையடா.

உன்,
லென்ஸ்


ஜூன் 27

அன்புள்ள லென்ஸுக்கு,

காசு கிடைத்தது. எட்டு இப்போது ரொம்பத் தெளிவாக இருக்கிறது.

உன் தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். "விளக்கைப் பிடிச்சது நான்தானே" என்றாள். மறுநாள் தைத்த திரையைப் பிரித்து, துணியை மடித்து மகளுக்கு எடுத்து வைத்துவிட்டாள்.

பெட்டி கட்டியாகிவிட்டது. மகனும் மகளும் வந்திருக்கிறார்கள். நாளைக் காலை மகளோடு உன் தங்கச்சி கிளம்புகிறாள். அடுத்த நாள் மகன் என்னைக் கூட்டிப்போகிறான். நல்ல பிள்ளைகள்தான், இரண்டு பேரும் மாறி மாறி அழுகிறார்கள். மாதம் ஒருமுறை கூட்டி வந்து காட்டுகிறோம் என்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டுகிறோம்.

இரண்டு முகவரியும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இனி எழுதினால் இரண்டாக எழுது. ஒன்றுதான் எழுத முடியும் என்றால் அவளுக்கு எழுது. உன் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "அண்ணன் பேரை வேற கெடுத்துட்டோமே" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து என் சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுவது அவள்தான். ஒரு வாரமாக என்னையே போடச் சொல்லிப் பழக்குகிறாள். எதிரில் நின்று பார்ப்பாள், கை வைக்க மாட்டாள். இன்று காலை கழுத்திலிருந்து கீழ்வரை ஒன்று விடாமல் நானே போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்தில் வந்தாள். "சரியா இல்ல" என்று எல்லாவற்றையும் கழற்றினாள். பிறகு ஒவ்வொன்றாக அவளே போட்டுவிட்டாள்.

சரியாகத்தானடா போட்டிருந்தேன்.

உன்,
பல்லுப்பிடுங்கி