விரல்களை மூடிய காலுறை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் நலம்தானே என்று வழக்கம்போல எழுதப் பேனா எழவில்லை. "மாவுக்கட்டை வெட்டிப் பிரிச்சுட்டாங்க அத்தை, இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கால் விளங்காமப் போயிருக்கும்னு சொல்றாங்க" என்று மாப்பிள்ளை சொன்னதிலிருந்து இது நான் எழுதும் மூன்றாவது தாள், முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். தொலைபேசியில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

என் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் முறிந்து, மாவுக்கட்டின் ஈரம் காயும் முன்பே மறுநாள் விமானம் ஏறினாய். டாக்டர் தாராளமாகப் போகலாம் என்றாராம், நீ சொன்னாய், நான் நம்பினேன். நான் வளர்த்த பெண் பொய் சொல்வாள் என்று எனக்கு எப்படித் தோன்றும்? இன்று காலை அவரிடமே போய்க் கேட்டேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "ரெண்டு நாள் பறக்கவே வேண்டாம்னு சொன்னேனேம்மா. பறக்கும்போது கால் வீங்கும், கட்டு இடம் கொடுக்காது. போயே ஆகணும்னா நீளவாக்கில வெட்டிவிடறேன்னேன். அம்மாவைக் கேட்டுட்டு வரேன்னு போனவங்க திரும்பி வரலையே" என்றார். மருந்துப் பையோடு வாசலில்தானே உட்கார்ந்திருந்தேன், என்னை நீ எங்கே கேட்டாய்? புதுப் பதவியில் சேரும் நாள் தவறக்கூடாது என்ற வீம்பு. அது யாரிடமிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்காதே.

மாப்பிள்ளை இன்னொன்றும் சொன்னார். பாதி வழியிலேயே விரல்கள் நீலம் பாரித்திருக்க வேண்டுமாம், காலுறை மூடியிருந்ததால் விமானப் பணிப்பெண்ணின் கண்ணில் படவில்லையாம். அந்தக் காலுறையை வெள்ளைத் துணியில் தைத்தவள் நான். வெறும் விரல்களை நீட்டிக்கொண்டு நாலு பேர் நடுவில் உட்கார்வது லட்சணமாக இல்லை என்று, நீ வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், நானே மாட்டி நாடாவைக் கட்டிவிட்டேன். ஒரு தையல்கூடக் கோணவில்லை என்று பெருமை வேறு.

சுண்டுவிரலில் இன்னும் உணர்வு வரவில்லையாமே. காலைத் தலையணை மேல் உயர்த்தியே வை. அங்குள்ள டாக்டர் போகலாம் என்ற பிறகு வேலைக்குப் போ, உன் நாற்காலி எங்கும் ஓடிவிடாது. இந்த முறை அவர் சொன்னதை மாப்பிள்ளை வாயால் கேட்ட பிறகுதான் நம்புவேன். கோபம் தீரவில்லை, ஆனாலும் கடவுள் உன் காலை உனக்கே திருப்பிக் கொடுக்கட்டும், இருவருக்கும் என் ஆசிகள். தினமும் காலையில் ஒரு படம் அனுப்பு. முகம் வேண்டாம், ஐந்து விரல்களும் தெரிந்தால் போதும். காலுறை போடாதே. யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா