இரண்டு புகை

பிரமாதீச வருஷம், மாசி 9, காலை

தம்பி அழகுமலை,

உன் விலை ஐந்து ரூபாய். காட்டில் உன்னைத் தேட, தடம் பார்க்கிற ஒச்சப்பன் கேட்ட கூலி அது: "உசுரோட கொண்டாந்தா அஞ்சு, சேதி மட்டும்னா ரெண்டுண்ணே." ஏலக்காயில் காலணாவுக்கு மல்லுக்கட்டுகிற நான் பேரம் பேசாமல் ஐந்தையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். வெளியே சொல்லாதே, வியாபாரம் கெடும்.

அவனோடு நானும் மலையேறுகிறேன். நீ வேறு வழியில் இறங்கி வந்துவிட்டால், எங்களைத் தேடி மறுபடி மேலே வராதே. களத்தில் ஈர வைக்கோலை இரண்டு குவியலாகக் கொளுத்து. சாயங்காலம் பாறை முனையிலிருந்து பார்ப்பேன். இரட்டைப் புகை தெரிந்தால் திரும்பிவிடுவோம். தெரியாவிட்டால் யானைத் தடத்தில் போய்த்தான் தேட வேண்டும்.

சீட்டைப் பழைய சோற்றுப் பானைமேல் வைத்திருக்கிறேன். நீ முதலில் தொடுவது அதைத்தான். ஊறுகாய் உறியில். ஆத்தா ராசிங்காபுரத்தில் இருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அண்ணன் ஜக்கையன்

'கடைக்கு ஆகாதவன்' என்று நான் சொன்னது கோபத்தில்.

இன்னொன்று. "மூணே நாள் தனியா இருந்துட்டு வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு மலையேறினாய். இன்றோடு ஐந்து. கூடுதலாக எடுத்த இரண்டு நாள் நீ எனக்குப் பாக்கி. அதைக் கடையில் வேண்டாம், வீட்டில் என் எதிரே உட்கார்ந்து தீர்த்துவிடு.