ஊசி படாத சேலை

திருப்புலி நாடு, கொல்லிமலை
பார்த்திப வருஷம் சித்திரை 20

அன்பு மகன் அப்பாசாமிக்கு உன் அப்பன் செங்கோடன் எழுதுவது. அறப்பளீஸ்வரர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உன் தங்கச்சி கண்ணாயியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மாடு கன்றும் அப்படியே. நீயும் கோயமுத்தூரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறோம். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே, உன் கடுதாசி வந்த அன்று போன நிம்மதி இன்னும் வீடு திரும்பவில்லை. முள்ளுக்குறிச்சித் தபாலாபீசில் கிடந்ததை அந்த ஊர்ச் செல்லமுத்து மலையேற்றிக் கொண்டுவந்து, மில்லுக்காரர் என்னமோ எழுதியிருக்கறாருங்க என்று சிரித்தபடி நீட்டினான். நானும் சிரித்தபடிதான் பிரித்தேன். உன் அம்மாவுக்குச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்துப் பாதியில் வாயை மூடிக்கொண்டு மீதியைக் கண்ணால் படித்தேன். உன் அம்மா அத்தாயியை ஏமாற்ற முடியுமா? எதுக்கு நிறுத்திப்போட்டீங்க, என்ன எழுதியிருந்தாலும் நான் பெத்தவன் எழுதினதுதானுங்களே, படீங்க என்று விடாமல் கேட்டு முழுவதும் வாசிக்க வைத்தாள். வாசித்து முடித்ததும் எழுந்து போய்ச் சாமை குத்தினாள். அந்த உலக்கை விழுந்த வேகத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

கண்ணாயி கல்யாணத்தை யுத்தம் முடிகிறவரைக்கும் தள்ளிப்போடுங்கள், கடைக்குத் துணி வந்ததும் ஜாம்ஜாமென்று நடத்தலாம் என்று எழுதியிருக்கிறாய். யுத்தம் எப்போது முடியும் என்று உனக்கு யார் வந்து சொன்னார்கள்? பழைய சேலைகளை இணைத்துத்தான் கூறை என்று நான் எழுதியிருந்ததற்கு, ஒட்டுச் சேலை கட்டி மணையில் உட்காருகிற தங்கச்சிக்குப் பக்கத்தில் நிற்க வெட்கமாக இருக்கிறதாம், மில் சிநேகிதர்களை எந்த முகத்தோடு கூட்டி வருவதாம், ஆகையால் நீ வரப்போவதில்லையாம். இதெல்லாம் போதாது என்று, முள்ளுக்குறிச்சிச் சின்னராசு உன் மில்லில் வேலைக்குச் சேர்ந்து, செங்கோடன் சாக்குத் தைத்துச் சாக்கையே உடுத்துகிறார் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான், எனக்குத் தலை நிமிர முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். ஏனப்பா, அவன் சிரித்தபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாயா, தலையைக் குனிந்துகொண்டாயா? அவன் அப்பன் போன மழைக்கு என்ன உடுத்தியிருந்தான் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கத் தோன்றவில்லையா? மண்டியில் மிளகு மூட்டைக்கு வாய் தைத்துத்தான் நான் உன்னைப் படிக்க வைத்தேன். கோணி ஊசியைப் பிடித்த கையைப் பற்றி எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, உனக்கு எப்படி வந்தது?

சாக்கை உடுத்தினது வாஸ்தவம்தான். ஆனால் எதற்காக என்று சின்னராசு சொல்லியிருக்க மாட்டான், நானே சொல்கிறேன். மாசியில் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு அடிவாரத்துத் துணிக்கடைக்குப் போனேன். காலையிலிருந்து வெயிலில் நிற்க வைத்துவிட்டு, என் முறை வந்ததும் அந்தக் கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்து, மலைக்காரனுக்கு எதுக்கய்யா முழுச் சேலை, மேல போயி மரத்தையும் பாறையையும் பார்த்துக்கிட்டு நிக்கறவங்களுக்கு அரைச் சேலை பத்தாதா என்றான். பின்னால் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எங்கள் பெண்டுகள் முழுச் சேலை கட்டிப் பழகினவர்கள், உங்கள் வீட்டுப் பெண்டுகளுக்கு அரைச் சேலை போதுமானால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடையில் நமக்குக் கால் முழம்கூடக் கிடைக்கவில்லை. நாக்கை அடக்கியிருக்கலாம் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். அடக்கியிருக்க மாட்டேன்.

துணி இல்லையென்றால் இருப்பதை வைத்துத்தான் தைக்க வேண்டும். முதலில் மிளகுச் சாக்கில் எனக்கு ஒரு சட்டை தைத்தேன். அடிப்பக்கத்தில் தலைக்கு ஒரு ஓட்டை, பக்கத்துக்கு ஒன்றாகக் கைக்கு இரண்டு ஓட்டை, அவ்வளவுதான் வேலை. நூல் கிடைக்காததால் கற்றாழை நாரைச் சீவிக் காயவைத்து அதையே கோத்தேன். தைத்ததில் குற்றமில்லை, ஊறப்போடாமல் போட்டுக்கொண்டதுதான் புத்திகெட்டதனம். மேலே குளிருக்கு இதமாக இருந்தது. இறக்கத்தில் பாதிகூடப் போகவில்லை, வியர்வை பட்டதும் சாக்கில் ஒட்டியிருந்த மிளகுத் தூள் எல்லாம் முதுகில் இறங்கி, முள்ளுக்குறிச்சிக் கிணற்றடிக்கு நான் ஓடின ஓட்டத்தை அந்த ஊரே பார்த்தது. சின்னராசு பார்த்துச் சிரித்தது அதைத்தான், அதற்கு நானும் சிரிப்பேன். இப்போது சாம்பல் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பாறையில் அடித்துத் துவைத்து, வெயிலில் போட்ட பிறகுதான் எந்தச் சாக்கிலும் ஊசியை வைக்கிறேன். நம் பக்கத்து வீட்டு மாதம்மாளுக்குக் கம்பி ஒடிந்த குடை ஒன்று இருந்தது. கம்பிகளைக் கழற்றிவிட்டு, உச்சியில் இடுப்பளவுக்கு வட்டமாக வெட்டி, மடித்துத் தைத்து நாடா கோத்துக் கொடுத்தேன். அவள் பேத்திக்கு அச்சாகப் பாவாடை. குடையே சுற்றுக்குச் சரியாக வெட்டித் தைத்த துணி, அதற்குமேல் தையற்காரன் என்ன செய்யப்போகிறான்? மழை பெய்தால் தண்ணீர் அதில் நிற்காமல் ஓடுகிறது என்று அந்தக் குழந்தை வேண்டுமென்றே மழையில் போய் நிற்கிறது. பொங்கலுக்கு நீ அனுப்பியவை மில்லில் துணி ஓரத்தில் வெட்டிக் கழித்த கத்தரிப்புகள், விரல் அகலம்கூட இல்லை. அவற்றையும் வீசவில்லை, சடையாகப் பின்னி, வட்டமாகச் சுருட்டிச் சுருட்டித் தைத்து உன் அம்மாவுக்குப் படுக்க விரிப்பு செய்தேன். நாளெல்லாம் துணிக்கு நடுவில் நிற்கிற மகன் பெற்றவளுக்கு அனுப்பினது அதுதான். நீ திருடிக்கொண்டு வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை, வாசலில் தடவிப் பார்த்துத்தான் விடுகிறார்கள் என்று தெரியும். ஆனால் கத்தரிப்பை அனுப்புகிறவன் ஒட்டுத் துணியைக் கேவலமாகப் பேசலாமா?

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவர வேண்டியது என்று உனக்குத் தெரியும். எடப்புளி நாட்டிலிருந்து மாப்பிள்ளை மாதேஸ்வரனின் அப்பா நேரில் வந்தார். ராசிபுரம் வரைக்கும் கடைகடையா ஏறி எறங்கிட்டனுங்க சம்பந்தி, காக்கித் துண்டுதானுங்க காட்டறாங்க, காக்கியைச் சுத்தி எப்படிங்க பொண்ணை உக்கார வைக்கிறது என்று சொல்லிக் கண் கலங்கினார். தையில் வைத்த நாளை ஏற்கெனவே ஒரு தரம் தள்ளியாயிற்று. இரண்டாம் தரமும் நாள் தள்ளினால் நிச்சயம் கலைந்ததாகத்தான் நம் மலைநாட்டில் அர்த்தம், அப்புறம் அந்தப் பெண்ணை எவன் வந்து கேட்பான்? தள்ளிப்போடுங்கள் என்று பேனாவை எடுத்து எழுதினாயே, இது உனக்குத் தெரியாதா, தெரிந்தும் எழுதினாயா? 

உன் அம்மா பெட்டியைத் திறந்து தன்னுடைய கூறைச்சேலையை எடுத்தாள். நடுவில் நைந்து போயிருந்தது, இரண்டு பக்கமும் இன்னும் கெட்டியாக இருந்தது. சம்பந்தி அம்மாள் தன் கூறையில் நல்லதாக ஒரு பாகம் அனுப்பினாள், மாதம்மாள் தன்னுடையதில் கொடுத்தாள். தாலி கட்டிக்கொண்டு உட்கார்ந்த சேலைகள் அத்தனையும், ஒன்றும் கண்ட கந்தல் இல்லை. அரக்கு, மஞ்சள், கரும்பச்சை என்று நிறம் வேறு வேறுதான், அகலம் ஏறக்குறைய ஒன்றுதான். நான் கோணி ஊசியை வைத்துவிட்டு மெல்லிய ஊசி ஒன்றை இரவல் வாங்கி, ஓரத்துக்கு ஓரம் மடித்து, தையல் வெளியே தெரியாமல் இணைத்தேன். இத்தனை வயதில் அவ்வளவு நுணுக்கமாக நான் எதையும் தைத்ததில்லை. ஊர்க் கவுண்டர் வந்தார், விரித்துப் பார்த்தார், விரலால் தடவினார். செங்கோடா, நீ தெச்சது நல்லாத்தான் இருக்குது, ஆனா ஊசி பட்ட துணி மணைக்கு ஆவாது, அது நம்ம பெரியவங்க வெச்ச முறை என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முறை வைத்த பெரியவர்கள் துணியும் வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அவர் காது கேட்கவே கத்தினேன். துணியைக் கடைக்காரன் கொடுக்க மாட்டான், கொடுத்ததை இணைத்தால் கவுண்டர் ஒப்புக்கொள்ள மாட்டார், கூடப் பிறந்தவனோ வெட்கமாக இருக்கிறது என்று கடுதாசி எழுதுகிறான். எல்லோருமாகச் சேர்ந்து அந்தப் பெண்ணை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

உன் தங்கச்சி அழவில்லை. நான் கத்தி ஓய்ந்ததும் எழுந்து வந்தாள். பிறகு சேலையை மடியில் போட்டுக்கொண்டு நான் போட்ட தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். என்ன கண்ணு செய்கிறாய் என்று பதறிப்போய்க் கேட்டேன். ஊசிதானுங்கப்பா ஆகாது, வெரலு ஆகுமுங்கல்ல என்றாள். துண்டுகளின் ஓரத்தில் நாலு விரற்கடை குறுக்கு நூலை உருவி எடுத்துவிட்டால் நீள இழைகள் மட்டும் குஞ்சமாக நிற்கும். அதைக் கஞ்சியில் நனைத்து விறைப்பாக்கி, இந்தத் துண்டின் இழையும் அந்தத் துண்டின் இழையுமாகச் சேர்த்து முறுக்கி முடிச்சுப் போட வேண்டும். ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம். ஆனால் அகலம் முழுவதும் எத்தனை இழை என்று நினைத்தாய்! உன் அம்மாவும் மாதம்மாளும் உட்கார்ந்தார்கள், அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்து ஊர்ப் பெண்டுகள் எல்லாம் உட்கார்ந்தார்கள். கடைசியில் கவுண்டர் சம்சாரமும் வந்து தன் கூறையில் ஒரு துண்டை மடியிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, அவரு கேட்டா கேக்கட்டும் என்று சொல்லி முடிச்சுப் போட உட்கார்ந்துவிட்டாள். என்னை மட்டும் கிட்டவே விடவில்லை, என் விரல் தடியாம். தொட்டுப் பார்த்தால் இணைப்பில் தினை தூவினது மாதிரி இருக்கிறது. கவுண்டர் மறுபடி வந்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊசி படலீன்னா எனக்கென்னப்பா, நடத்து என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் சம்சாரம் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வைகாசி பதினொன்று என்று நாள் உறுதியாகிவிட்டது.

ஆனால் சேலை இன்னும் முடியவில்லை. முந்தானைத் தலைப்பில் ஒரு முழம் குறைகிறது. துணி கிடைக்காமல் இல்லை, சம்பந்தி அம்மாள் இன்னும் தருகிறேன் என்று சொல்லியனுப்பினாள். உன் அம்மா வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். அது அப்பாசாமி இடமுங்க என்கிறாள். இழைகளை உருவி, சீவிவிட்டு, அப்படியே தொங்க வைத்திருக்கிறாள். புதுத் துணி தேடி அலையாதே, மில்லிலிருந்து ஒரு நூல்கூடக் கொண்டுவராதே. நீ உடுத்திப் பழசான வேட்டியில் நல்ல இடமாக ஒரு முழம் கிழித்துக்கொண்டு வா. முதல் நாள் வந்தாலும் போதும், இத்தனை பெண்டுகள் இருக்கிறார்கள், முடிச்சுப் போட்டுவிடுவார்கள். மாப்பிள்ளைக்குக் கால் கழுவிக் கைப்பிடித்து அழைத்து வர வேண்டியவன் நீ, அந்த வேலைக்கு நான் வேறு யாரையும் கேட்கப்போவதில்லை. நீ வராவிட்டாலும் கல்யாணம் நிற்காது. கண்ணாயி அந்தச் சேலையை அப்படியே கட்டிக்கொண்டு உட்காருவாள், அவள் தோளில் உன் இடம் வெறும் நூலாகத் தொங்கும். அண்ணன் எங்கே என்று யாரும் அவளைக் கேட்க வேண்டியிராது.

இவ்வளவு திட்டினேன் என்று சாப்பிடாமல் கிடக்காதே. மில் பஞ்சு நெஞ்சில் இறங்காமல் இருக்க மூக்கைத் துணியால் கட்டிக்கொள். சட்டைக் கழுத்துப்பட்டை கிழிந்தால் தையலைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வைத்துத் தைத்துக்கொள், இன்னும் ஒரு வருஷம் வரும். சின்னராசுவையும் கூட்டி வா, அவனுக்கும் இலை போடுகிறோம். நீ நோயில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம், தங்கச்சி உன்னைக் கும்பிடுகிறாள். வைகாசியில் மலைமேல் மழை பிடித்துக்கொள்ளும், நனைந்தால் உனக்குச் சளி பிடிக்கும். தலைக்கும் முதுகுக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ள ஒரு சாக்கு தைத்துச் செல்லமுத்துவிடம் முள்ளுக்குறிச்சியில் கொடுத்து வைத்திருக்கிறேன். நன்றாக ஊறவைத்துத் துவைத்ததுதான், எரியாது. அதைப் போட்டுக்கொள்ள வெட்கமாக இருந்தால் நனைந்துகொண்டே வா சாமி. வந்துவிடு.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கிற அப்பன்
செங்கோடன்